வசந்தாமணி வெட்டியெடுத்த பக்கங்கள்

பையை மேல வைக்க வேண்டாமுங்க தம்பி. மடியிலேயே இருக்கட்டும். கனந்தான், இருந்தாலும் மடியிலேயே இருக்கட்டும். மேல வச்சா இந்த பஸ் டிரைவர் பிரேக் போடற வேகத்துக்கு யாரு தலையிலயாவது விழும். அறுநூத்திப் பன்னெண்டு பக்கமுங்க. காலிகோ துணி முதுகு, கெட்டி அட்டை. பார்த்தா டிக்ஷனரி மாதிரி இருக்கும். டிக்ஷனரி இல்லை. இதுக்குப் பேரே கிடையாது. இதைத் தொட்டா எனக்குக் கை கழுவோணும் போல இருக்குது. தொட்டுக்கிட்டுத்தான் போறேன், தாராபுரத்துலேர்ந்து பொள்ளாச்சி வரைக்கும்.

நீங்களும் பொள்ளாச்சிதானுங்களா? நல்லது. புத்தகம் படிக்கற பழக்கம் உண்டுங்களா? இல்லையா? அதுவும் நல்லதுதான். படிக்கறவங்க பண்ற அக்கிரமத்தைப் பார்த்தா படிக்காதவங்களே தேவலாம்னு தோணுது.

என்ற பேர் தெய்வசிகாமணி. சார்பதிவாளர் ஆபீஸ்ல முப்பத்தி நாலு வருஷம் இருந்தேன். பத்திரம் பதியற இடம். அங்கே ஒரு பக்கம்னா அது உசுரு மாதிரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர், ஒவ்வொரு பக்கத்துக்கும் கையெழுத்து. ஒரே ஒரு தாள் காணாமப் போனா சஸ்பென்ஷன். என்ற சர்வீஸ்ல ஒரு தாள் போனதில்லை. அப்பேர்ப்பட்டவன் வீட்டுல, அதே கூரைக்குக் கீழ, பத்தொம்பது வருஷமா பிளேடு வச்சுக் கிழிச்சிருக்கறா. யாரா? என்ற சம்சாரந்தான். வசந்தாமணி.

கருமம். சொல்றதுக்கே நாக்கு கூசுது.

ஆயிரத்து நானூத்தி இருபத்தாறு புத்தகம் என்கிட்ட. சும்மா சேர்த்ததில்லைங்க. ஒவ்வொண்ணும் பொறுக்கி எடுத்தது. நாவல், சரித்திரம், பயணம், சித்த வைத்தியம், சட்டம், சமையல், துப்பறியும் கதை, விண்வெளி, ஆன்மிகம், குழந்தைகளுக்கு விஞ்ஞானம். எந்த வகையும் விட்டுப்போகக் கூடாது. வருஷா வருஷம் எங்கூர் கிளை நூலகத்துல நூலக வாரம்னு விழா வைப்பாங்க. அதுல ஒரு நாள் என்ற நாள். 'எனக்குப் பிடித்த நூறு நூல்கள்'னு பேசுவேன். பதினஞ்சு வருஷமாப் பேசறேன். கூட்டம் வரும். நாற்பது பேர் வந்திருக்காங்க ஒரு தடவை. ஒரு புத்தகத்துக்கு ஒரு நிமிஷம். நூறு நிமிஷத்துல நூறு புத்தகம். யாரும் எந்திரிச்சுப் போக முடியாது, ஏன்னா டீ கடைசியிலதான்.

எப்படிங்க இவ்வளவும் படிச்சீங்கன்னு கேப்பாங்க. படிக்கறதுக்கு ஒரு முறை இருக்குதுங்க தம்பி. பதிப்புரை, அணிந்துரை, ஆசிரியர் முன்னுரை, பொருளடக்கம், பின்னட்டை. இதை நிதானமா, பென்சில் வச்சுக்கிட்டுப் படிச்சாப் போதும், புத்தகம் கைக்குள்ள வந்துரும். உள்ள போய் உழண்டுக்கிட்டுக் கிடக்கறது பொழுது போகாதவங்க வேலை. பத்திரத்துலயும் அப்படித்தான். முதல் பக்கத்தையும் சொத்து விவரத்தையும் பார்த்தா ஆளு யாரு, எடம் எதுன்னு சொல்லிரலாம்.

அலமாரி எட்டும் பூட்டித்தான் இருக்கும். சாவி என்ற இடுப்புல. யாருக்கும் இரவல் கிடையாது. வசந்தாவுக்கு மட்டும் ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சாவி குடுப்பேன், தூசி தட்ட. எட்டு அலமாரி தட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரம்னு வைங்க. இவ மத்தியானச் சாப்பாடு முடிச்சு உள்ள போனா விளக்கு வைக்கற நேரத்துக்குத்தான் வெளிய வருவா. நான் கூட ஆபீஸ்ல பெருமையாச் சொல்லியிருக்கேன், என்ற வீட்டுக்காரி மாதிரி சுத்தக்காரி கிடையாதுன்னு. சீ. நினைச்சா என்ற மேலயே எனக்கு வெறுப்பா வருது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். எங்க நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்காங்க. அதுல ஒரு வாசிப்பு அறை. என்ற புத்தகம் அத்தனையும் குடுத்துடறதுன்னும், அந்த அறைக்கு என்ற பேரை வைக்கறதுன்னும் பேச்சு. பலகை எழுதியாச்சு. 'தெய்வசிகாமணி வாசிப்பரங்கம்', நீலத்துல வெள்ளை எழுத்து. வர்ற ஞாயித்துக்கிழமை திறப்பு விழா.

போன மாசம் நூலகர் வீட்டுக்கு வந்துச்சு. ஜரீனான்னு பேரு, முப்பது வயசு இருக்கும், வேலையில கெட்டி. புத்தகத்துக்கெல்லாம் முத்திரை குத்தணும்ல, அதுக்கு வந்துச்சு. நூலகத்துல முத்திரை எங்கெங்க குத்துவாங்கன்னு தெரியுங்களா? தலைப்புப் பக்கம், கடைசிப் பக்கம், அப்புறம் நடுவுல ரகசியமா ஒரு பக்கம். எவனாவது திருடி முதல் பக்கத்தைக் கிழிச்சாலும் அந்த ரகசியப் பக்கத்தை வச்சுப் பிடிச்சுருவாங்க. எங்க கிளைக்கு அது முப்பத்தேழாம் பக்கம். சொல்லக் கூடாது, சொல்லிட்டேன்.

மூணாவது புத்தகத்துல அந்தப் புள்ளை கை நின்னு போச்சு. முப்பத்தாறுக்கு அடுத்தது நாற்பத்தி மூணு. அச்சுப் பிழைன்னு நினைச்சு விரிச்சுப் பார்த்தா, முதுகு ஓரத்துல ஒரு விரக்கடை அளவு தாள் நிக்குது. ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி நேரா. அடுத்த பக்கம் உதிர்ந்து விழாம இருக்கறதுக்கு அந்த ஓரத்தை விட்டு வெட்டியிருக்குது. அப்புறம் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்துச்சு. ஒண்ணுல எட்டுப் பக்கம், ஒண்ணுல ரெண்டு, ஒண்ணுல ஒரு அத்தியாயமே இல்லை. ரெண்டு நாள் உக்காந்து எண்ணினோம். நூத்திப் பதினோரு புத்தகம் தம்பி. வீட்டுக்குள்ள செத்த எலி கிடக்கற மாதிரி.

அந்தப் புள்ளை என்ன கேட்டுச்சு தெரியுங்களா? "சார், நீங்க படிக்கும்போது இது கண்ணுல படலைங்களா?"ன்னு. என்ன கேள்வி பாருங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாருகிட்ட என்ன கேக்கணும்னே தெரியறதில்லை. முன்னுரையில ஒரு வரி போயிருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? இவ ஒரு முன்னுரையில கூடக் கை வைக்கலை. அவ்வளவு தந்திரம்.

நான் கரையான்னு நினைச்சேன். கரையான் ஸ்கேல் வச்சு வெட்டாதே. வீட்டு வேலைக்கு வந்தவளைச் சந்தேகப்பட்டேன். வசந்தா அங்கேயே உக்காந்து அவரைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. தலையை நிமிர்த்தாம, "நான்தான் வெட்டினேன்"னா. அவரைக்காய் வெட்டினதைச் சொல்ற மாதிரியே சொன்னா.

உள்ள போனா. கம்பு டின்னுக்குப் பின்னால கையை விட்டு இதை எடுத்துட்டு வந்து மேசை மேல வச்சா. இந்தப் பையில இருக்குதே, இதைத்தான். வெட்டின பக்கத்தையெல்லாம் சேர்த்து பைண்டு போட்டிருக்கறா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கற பைண்டிங் கடையில, எனக்குத் தெரிஞ்ச கடையிலயே. நம்ம வீடுகள்ல வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழிச்சு வச்சு பைண்டு போடுவாங்கல்ல, அந்தப் பழக்கம். தொடர்கதையாவது ஒரு கதை. இது என்ன? சந்தைக்கடையில விழுந்த பொறுக்குக் காய்.

நான் அடிக்கலைங்க. கை ஓங்கற ஆளில்லை நான். பேசினேன். பத்தாவதோட நின்ன கழுதைக்குப் புத்தகத்தோட அருமை என்ன தெரியும்னு கேட்டேன். அந்தப் புள்ளை இருக்கும்போதே கேட்டேன். இன்னும் ரெண்டு வார்த்தை கூடச் சொல்லியிருப்பேன், இப்போ எதுக்கு அது. வசந்தா என்கிட்டப் பேசலை. ஜரீனாவைப் பார்த்துத்தான் சொன்னா.

"படிச்சது மறுபடி வேணும்னா சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கோணும்மா. சாவி அவருது, அலமாரி அவருது, ஆயிரத்து நானூறும் அவருது. எனக்குன்னு ஒரு புத்தகம் வேணும்னு இருந்துச்சு. இதுதான் அது."

அடுத்த நாள் காலையில பொள்ளாச்சி பஸ் ஏறிட்டா, மக வீட்டுக்கு. சண்டையில்லை, அழுகையில்லை. இதை மேசை மேலேயே விட்டுட்டு, "எது எதுலேர்ந்து எடுத்ததுன்னு நீங்களே பார்த்து ஒட்டிக்குங்க. நூறு புத்தகம் பேசறவருக்குத் தெரியாதா"ன்னு சொல்லிட்டுப் போனா. இருபத்தி ரெண்டு நாள் ஆச்சு. ஓட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்கறதில்லை.

உடுமலை வந்திருச்சா? டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? நானும் எறங்கலை, இதை வச்சுக்கிட்டு எங்க எறங்கறது.

உள்ள என்ன இருக்குதுன்னு கேளுங்க. பனிமலைக்கு நடந்து போனவர் எழுதின பயணப் புத்தகம். சிகரத்தைப் பார்க்கற இடம் இருக்குதாம், பொருளடக்கத்துலயே போட்டிருக்குது. அதை விட்டுட்டா. அவர் வழி தவறிப்போய் எவளோ ஒருத்தி வீட்டு அடுப்புக்கிட்டக் குளிர் காயற எட்டுப் பக்கத்தை வெட்டியிருக்கறா. துப்பறியும் நாவல்ல கொலைகாரன் யாருன்னு சொல்ற அத்தியாயம் அப்படியே இருக்குது, தொடவே இல்லை. அதுக்குப் பதிலா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்றேன்னு சொன்ன இன்ஸ்பெக்டர் வரலை, அவர் சம்சாரம் ரெண்டு தட்டைக் கழுவிக் கவுத்தி வைக்குது, அந்த ஒண்ணேகால் பக்கம். இது யாருக்குப் பிடிக்கும்? எண்ணூறு பக்க மொழிபெயர்ப்பு நாவல், போரும் புரட்சியும் இருக்கற நாவல், அதுல வேலைக்காரி துணி காயப்போடற ரெண்டு பக்கம். கவிதைத் தொகுப்புல ஒரு தாள். அதுல நாலே வரி, மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. வெள்ளைக் காகிதத்துக்கு வெட்டினாளா கவிதைக்கு வெட்டினாளான்னு தெரியலை.

அதுக்கடுத்து நீச்சல் இருந்துச்சு. நீச்சல் கத்துக்கறது எப்படின்னு படம் போட்ட புத்தகம். அமராவதி ஆத்துல கணுக்கால் நனைஞ்சதுக்கு மேல எறங்காதவ, அறுபத்தி ஒரு வயசுல யாருக்குக் காட்டறதுக்கு நீச்சல்? சமையல் புத்தகத்துலேர்ந்து ரொட்டி சுடறது. ரொட்டி அடுப்பே வீட்டுல இல்லை. சட்டப் புத்தகத்துலேர்ந்து பொம்பளைங்களுக்குச் சொத்துரிமை, அது மட்டும் முழு அத்தியாயம். பத்திர ஆபீஸ்காரனை வீட்டுல வச்சுக்கிட்டு அதை எதுக்குங்க புத்தகத்துல தேடணும்? என்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்ல மாட்டேனா? கேக்கலை. முப்பத்தொம்பது வருஷத்துல ஒரு வார்த்தை கேக்கலை.

சரி, பிடிச்சதைத்தான் எடுத்தா, ஒரு வகைதொகை வேண்டாமா? நாவலெல்லாம் ஒரு பக்கம், வைத்தியம் ஒரு பக்கம்னு வைக்கலாம்ல. கிடையாது. தலைவலிக்குச் சுக்குப் பத்து போடறதுக்கு அடுத்த பக்கம் நட்சத்திரத்தை அடையாளம் கண்டுபிடிக்கறது. அதுக்கடுத்து எவளோ ஒரு ராணி கோயிலுக்கு விளக்கு எழுதி வச்ச கதை. நல்ல விருந்துச் சாப்பாட்டை ஒரே இலையில போட்டுப் பாயசத்தோட ரசத்தையும் ஊத்திப் பிசைஞ்ச மாதிரி. அசிங்கம்.

விழாவுக்கு நாளாச்சேன்னு நானே ஒட்டறதுக்கு உக்காந்தேன். மைதா காய்ச்சிப் பசை பண்ணினேன். தைச்ச நூலைப் பிரிச்சு நாலு தாளை எடுத்தேன். அப்போதான் தெரிஞ்சது, நம்மாளுங்க அச்சடிக்கற புத்தகத்துல பாதிக்கு மேல, பக்கத்தோட தலையில புத்தகத்தோட பேரே போடறதில்லை. நம்பர் மட்டுந்தான் இருக்குது. சரி, நம்பர் போதும், நாம நம்பர்லயே வளர்ந்த ஆளுதானேன்னு பட்டியல் போட்டேன். நூத்திப் பதிமூணுலேர்ந்து நூத்தி இருபது வரைக்கும் எதுல இல்லைன்னு பார்த்தேன். பயணப் புத்தகத்துல இல்லை. ஒட்டிட்டேன். சுத்தமா, ஓரம் பிசகாம ஒட்டினேன்.

ஜரீனா வந்து விரிச்சுது. பனிமலையில நிக்கறாரு மனுஷன், சுத்தி வெள்ளையா இருக்குது, பக்கத்தைத் திருப்பினா, 'இப்போது இரண்டு கால்களையும் தவளையைப் போல மடக்கி உதைக்கவும்'. அந்தப் புள்ளை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. சிரிச்சுட்டு, "சார், நீச்சல் புத்தகத்துலயும் அதே நம்பர்தான் இல்லை"ன்னுச்சு. ஒட்டினதைப் பிய்ச்சா ரெண்டும் கிழியும். என்ற வீட்டுல உக்காந்து என்னைப் பார்த்து ஒரு நூலகர் சிரிக்குது. இந்த நிலைமைக்குக் கொண்டு வந்து விட்டது யாரு?

சேதமான புத்தகத்தை எடுக்க விதியில்லைன்னு சொல்லிருச்சு. புதன்கிழமைக்குள்ள பக்கமெல்லாம் ஒட்டிக் குடுத்தா மேலிடத்துல பேசிப் பார்க்கறேன்னுச்சு. பலகை சுவத்தைப் பார்த்துத் திருப்பி வச்சிருக்குது, நானே பார்த்தேன்.

மககிட்ட போன் போட்டேன். "அம்மாவுக்கு உங்க மேல கோவமில்லைப்பா. அந்தப் புத்தகத்தை மட்டும் கொண்டாந்து குடுத்துருங்கன்னு சொன்னாங்க"ன்னா. நான் எப்போ வர்றேன், சாப்பிட்டனா, ஒண்ணும் கேக்கச் சொல்லலை. புத்தகம் மட்டும். அதான் போறேன். குடுக்கறதுக்கில்லை. பக்கத்துல உக்கார வச்சு, இது எதுலேர்ந்து, இது எதுலேர்ந்துன்னு ஒவ்வொண்ணாச் சொல்ல வச்சு எழுதிக்கிட்டு வந்துரலாம்னு. அவளுக்குத் தெரியும். நூத்திப் பதினொண்ணும் மனப்பாடமாத் தெரியும் அந்தக் கழுதைக்கு. அப்புறம் அவ அங்கேயே இருக்கட்டும், இங்க வரட்டும், அவ இஷ்டம்.

அப்படித்தான் நேத்து வரைக்கும் நினைச்சேன்.

நேத்து விடிஞ்சதும் இதை எடுத்து வச்சு ஒரு ரெஜிஸ்டர் போட்டேன். முதல் பக்கத்துலேர்ந்து, எந்தத் தாள்ல என்ன இருக்குதுன்னு. எழுதிக்கிட்டே வந்தா, புத்தகந்தான்னு இல்லைங்க, கேஸ் அடுப்போட குடுத்த குறிப்புப் புத்தகத்துலேர்ந்து ஒரு தாள் இருக்குது. சவ்வாதுப் பொட்டலம் சுத்தி வந்த காகிதம் ஒண்ணு இருக்குது, அதுல யாரோ எழுதின துணுக்கு. அதையெல்லாம் எடுத்திருக்கறா. அறுநூத்திப் பன்னெண்டு பக்கமும் பார்த்து முடிச்சேன். முடிச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து பார்த்தேன்.

நானும் ஒரு புத்தகம் போட்டிருக்கேனுங்க தம்பி. சொல்லலையா உங்ககிட்ட? அந்த விழாவுல பேசினதையெல்லாம் தொகுத்து, 'நான் தேர்ந்த நூறு நூல்கள்'னு. நூத்தி அறுபது பக்கம். நானே போட்டது. முந்நூறு பிரதி இன்னும் வீட்டுலதான் இருக்குது. அவ சமையக்கட்டுப் பரண்லதான் அடுக்கியிருக்குது. அதுக்குப் பூட்டு கிடையாது, சாவி கிடையாது, சனிக்கிழமை கிடையாது. பிளேடு கூட வேண்டாம், ஒரு பிரதியை அப்படியே எடுத்துக்கிட்டாலும் யாரு கேக்கப் போறா?

அதுலேர்ந்து ஒரு தாள் கூட இல்லைங்க இதுல.

எனக்கு நம்பிக்கையில்லை. ஸ்டூல் போட்டு ஏறி முந்நூறையும் எறக்கினேன். ஒவ்வொண்ணா விரிச்சுப் பார்த்தேன், எதுலயாவது ஒரு பக்கம் வெட்டியிருக்குதான்னு. பொழுது சாயற வரைக்கும் பார்த்தேன். எல்லாம் முழுசா இருக்குது. நூத்திப் பதினோரு புத்தகம் கிழிஞ்சதுக்கு வயிறு எரிஞ்சவன், முந்நூறு கிழியாம இருக்கறதைப் பார்த்துத் தரையில உக்காந்துட்டேன். கேஸ் அடுப்புக்காரன் எழுதினது பிடிச்சிருக்குது அவளுக்கு.

சரி, நாமளே ஒரு பக்கம் எடுத்துட்டுப் போவோம்னு தோணுச்சு. நான் பிரிச்ச இடத்துல நூல் தொங்கிக்கிட்டு இருக்குதுல்ல, திரும்பத் தைக்கும்போது நடுவுல இதையும் சேர்த்துக்கோ வசந்தான்னு குடுக்கலாம்னு. பிளேடைக் கையில எடுத்துக்கிட்டு என்ற புத்தகத்தை முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் படிச்சேன் தம்பி. முன்னுரையை மட்டும் இல்லை, முழுசா. ரெண்டு தட்டு கழுவிக் கவுத்தற மாதிரி, துணி காயப்போடற மாதிரி, அவ நின்னு படிக்கற மாதிரி ஒரு பக்கம் இருக்கும்ல. நூத்தி அறுபதுல ஒண்ணு இருக்காதா?

பிளேடு வைக்க ஒரு இடம் கிடைக்கலைங்க.

பஸ் ஸ்டாண்டு வந்திருச்சு பாருங்க. முதல்ல நீங்க எறங்குங்க, எனக்கு எந்திரிக்கக் கொஞ்ச நேரமாகும். பலகை எப்படியோ போகட்டும். இதைக் குடுத்துட்டு, இதுல ஒரு பக்கம் எனக்குப் படிச்சுக் காட்டறயான்னு கேக்கணும். அவ மாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான் தாராபுரத்துலேர்ந்து நினைச்சுக்கிட்டே வர்றேன்.